பானெட்டைத் திறந்தாலே பந்தயக்காரனா?

போன ஞாயிறு காலை என் பழைய காரின் வால்வு இடைவெளியை, அதாவது எஞ்சினின் வால்வுகளுக்கும் அவற்றைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளியை, சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பதற்காக முந்தைய இரவிலிருந்தே வண்டியை எடுக்கவில்லை. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடைவெளிக்குள் நுழைத்து மெதுவாக இழுத்தால், விரலில் ஒரு சின்னப் பிடிப்பு தெரிய வேண்டும். தகடு வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம். நுழையவே மறுத்தால் குறைவு. எட்டு வால்வுகளில் ஆறாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். "என்ன தம்பி, ராத்திரி ரேஸுக்குத் தயாராகிறதா?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரே கதி என்று கிடப்பவன் எப்படிப்பட்டவன் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. 2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்துக்கு அடிப்படை ஒரு பத்திரிகைக் கட்டுரை. நியூயார்க்கின் தெருப் பந்தயக்காரர்களைப் பற்றி 1998இல் 'வைப்' இதழில் கென்னத் லீ எழுதியது. படம் கதையை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டுபோனது. கூடவே லாரிக் கொள்ளையையும் சேர்த்தது. இரவெல்லாம் எஞ்சினைப் பிரித்து மாட்டுபவர்களும், ஓடும் லாரியை மறித்துச் சரக்கைக் கொள்ளையடிப்பவர்களும் ஒரே ஆட்களாகிவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றுவரை எங்களை விடவில்லை.

அந்தப் படத்தை வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் வயதுக்காரர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். ஆனால் அது கற்றுக்கொடுத்த தவறுகளைத் திருத்தப் பல வருடங்கள் ஆயின. நைட்ரஸ் பொத்தானை அழுத்தினால் உலகமே கோடுகளாகக் கரைந்து ஓடும் என்று திரை காட்டியது. நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியும் பொருளே அல்ல. எஞ்சினின் வெப்பத்தில் பிரிந்து கூடுதல் ஆக்சிஜனைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த ஆக்சிஜனுக்கு ஈடாகப் பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்காவிட்டால் பிஸ்டன் உருகிப்போகும். அந்தக் கணக்கைப் போடுவதில்தான் இந்தக் கலையே இருக்கிறது. திரையில் அதற்கு இடமில்லை.

1968இல் வந்த 'புல்லிட்' படத்தின் கார் துரத்தலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் பத்து நிமிடத்துக்கும் மேலாக ஓடும் காட்சி. ஒரு நாள் கதையை மறந்துவிட்டு, தெருவை மட்டும் பாருங்கள். ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை அந்தக் கார்கள் திரும்பத் திரும்பக் கடந்து போகும். கறுப்பு டாட்ஜ் சார்ஜரிலிருந்து கழன்று உருளும் சக்கர மூடிகளை எண்ணிப் பாருங்கள், நான்கைத் தாண்டும்! ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்களில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த வேகத்தில் பாதி படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லருடையது. அதற்காக அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அனுமதி வாங்கி, போக்குவரத்தை நிறுத்தி, தேர்ந்த சண்டைக் கலைஞர்களை வைத்து எடுத்த காட்சி அது. அதையே பொதுச்சாலையில் செய்து பார்க்கும் பையனுக்கு எதிரே வரும் ஸ்கூட்டரை யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

இது புதிய கதையும் அல்ல. தெருவில் பந்தயம் ஓட்டிய இளைஞர்களை அதற்கென்று அமைந்த தடங்களுக்கு இழுக்கத்தான் அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ஹாட் ராட் என்றால் வேகத்துக்காக மாற்றியமைத்த கார். வண்டிகளைச் சோதித்தார்கள், பாதுகாப்பு விதிகள் வகுத்தார்கள், ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். நான்கே ஆண்டுகளில் 'ரிபெல் வித்தவுட் எ காஸ்' வந்தது. திருட்டுக் கார்களில் மலை விளிம்பை நோக்கிப் பாயும் இரண்டு பையன்கள்தான் மக்கள் மனத்தில் நின்றார்கள். 1977இல் 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' வெளியான பிறகு, அதில் நாயகன் ஓட்டிய பான்டியாக் டிரான்ஸ் ஆம் கார்களின் ஆண்டு விற்பனை 68,000 சொச்சத்திலிருந்து 93,000க்கு மேல் ஏறியது. கூடவே, போலீசுக்குத் தண்ணீர் காட்டுபவனின் வண்டி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி 2019இல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி'யில் இருக்கிறது. காரின் உடல் முழுக்க நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டுகிறார்கள். காற்று எங்கே தழுவுகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதை அந்த நூல்கள் காட்டிக்கொடுக்கின்றன. முதல் முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிகின்றன என்று ஒரு பெரிய படம் சொல்லிவிட்டதே!

ஆனாலும் பழி முழுவதையும் சினிமாவின் தலையில் கட்ட மாட்டேன். சென்ற மாதம் எங்கள் கார் சந்திப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். வெளிவாசலில் ஒரு பையன் டயரைத் தேய்த்துப் புகை கிளப்பி, பின்பக்கம் அலைபாயச் சாலையில் ஏறினான். ஓரத்தில் நின்ற ஒரு குழந்தையைத் தாய் சட்டென்று இழுத்துக்கொண்டார். நாங்கள் முப்பது பேர் கைதட்டினோம். நானும் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் அந்தத் தாயின் முகம் கண்ணில் பட்டது. வீடியோவை அழித்துவிட்டேன்.

அடுத்த சந்திப்பில் கடைசி வண்டி அமைதியாக வெளியேறும்வரை அந்த வாசலில் நான் நிற்கப்போகிறேன். கூட நிற்க வருபவர்கள் சொல்லுங்கள்.