மொழிக்குரியது திட்டத்தில், விரலுக்குரியது டெர்மினலில்

கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் திரையான டெர்மினலுக்குள்ளேயே பல நிரல்மொழிகளுக்கான பணிச்சூழலை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே ஒரு தவற்றைச் செய்கிறார்கள். பைத்தானுக்கு என்ன வேண்டும், கோவுக்கு என்ன வேண்டும், ரஸ்ட்டுக்கு என்ன வேண்டும் என்று பட்டியலிட்டு, அவை அத்தனையையும் நிரல் எழுதும் எடிட்டரின் உள்ளமைவுக் கோப்புக்குள் அடுக்கிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இன்று என் கருத்து அதற்கு நேர்மாறானது: ஒரு மொழிக்கு உரிய எதுவும் அந்தந்தத் திட்டத்தின் அடைவுக்குள் இருக்க வேண்டும், எடிட்டரிலும், நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லிலும் இருக்க வேண்டியவை என் விரல்களின் பழக்கத்துக்கு உரியவை மட்டுமே.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு சிறிய சம்பவம். ஒரு குழுப் பணியில் மூன்று வரிகளைத் திருத்திக் கோப்பைச் சேமித்தேன். நிரலை ஒழுங்குபடுத்தும் கருவியின் ஒரு பதிப்பை என் எடிட்டர் தனியாக நிறுவி வைத்திருந்தது. குழுவினர் பயன்படுத்தியதோ வேறு பதிப்பு. விளைவாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி, கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டியது. நான் செய்த உண்மையான திருத்தம் அந்த மாற்றங்களுக்குள் புதைந்துபோனது. மறுபரிசீலனை செய்த தோழி பொறுமையாக வரிவரியாகப் படித்து, எது திருத்தம், எது வெறும் இடைவெளி மாற்றம் என்று பிரித்தெடுத்தார். அவருடைய நேரத்தை வீணாக்கியது என் அமைப்பு. எந்தப் பதிப்பில் கோப்பு ஒழுங்காக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை திட்டத்துக்கு உண்டே தவிர, என் எடிட்டருக்கு இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இப்படிப் பிரித்து வைப்பதை இன்று சாத்தியமாக்குவது, எடிட்டரும் ஒரு மொழியை அறிந்த தனி நிரலான சர்வரும் பேசிக்கொள்ளும் பொது முறையான லாங்குவேஜ் சர்வர் நெறிமுறைதான். மைக்ரோசாஃப்ட் 2016இல் இதைப் பொதுவில் வைக்கும் முன்பு, ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆதரவை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு எடிட்டர்களும் ஐந்து மொழிகளும் இருந்தால் இருபது இணைப்புகள் தேவை. நெறிமுறை வந்த பிறகு மொழியை அறிந்த சர்வர் ஒரு பக்கமும், அதனோடு பேசத் தெரிந்த எடிட்டர் மறுபக்கமும் இருந்தால் போதும். இருபது ஒன்பதாகக் குறைகிறது. நான் பயன்படுத்தும் டெர்மினல் எடிட்டரான நியோவிம், 2021இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து இந்த நெறிமுறையைத் தனக்குள்ளேயே கொண்டிருக்கிறது. 2025இல் வந்த 0.11 பதிப்பிலோ, எந்தக் கட்டளையை இயக்க வேண்டும், எந்த வகைக் கோப்புகளுக்கு, திட்டத்தின் வேர் அடைவை எதைக் கொண்டு அடையாளம் காண வேண்டும் என்ற மூன்றை மட்டும் சொன்னால் ஒரு மொழி தயாராகிவிடுகிறது. பெயர் மாற்றம், பயன்பாட்டு இடங்களைத் தேடுதல், விளக்கம் காட்டுதல் ஆகியவற்றுக்கு எல்லா மொழிகளிலும் ஒரே விசைகள்தான். அந்த விசைகளையும் நான் மாற்றிக்கொள்வதில்லை. முன்னிருப்பாக வருவதையே பழகிக்கொண்டால், வேறொருவருடைய கணினியில் அமர்ந்தாலும் கை தடுமாறாது.

நான் சொன்ன மூன்றில் மூன்றாவதான வேர் அடையாளம்தான் பலரைக் காலைவாரிவிடுகிறது. கோ சர்வர் கோ.மாட் கோப்பைத் தேடுகிறது. ரஸ்ட்டின் சர்வரான ரஸ்ட் அனலைசர் கார்கோ.டாம்ல் கோப்பைத் தேடுகிறது. இவை இரண்டும் அந்தந்த மொழியிலேயே ஊறியவை என்பதால் சிக்கல் எழுவது குறைவு. சி, சி++ ஆகியவற்றின் நிலைமை வேறு. தலைப்புக் கோப்புகள் எங்கே இருக்கின்றன, தொகுப்பானுக்கு எந்த விருப்பக் கொடிகளைத் தந்து தொகுக்க வேண்டும் என்பதைச் சொல்ல அந்த மொழிகளுக்கு என்று பொதுவான இடம் எதுவும் கிடையாது. அதனால் அவற்றுக்கான கிளாங்டி சர்வருக்கு, ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் தொகுக்கப்படுகிறது என்பதைப் பதிந்து வைத்த ஒரு ஜேசன் கோப்பு தேவைப்படுகிறது. தொகுக்கும் வேலையை அமைத்துத் தரும் சிமேக் கருவியில் ஒரு மாறியை இயக்கிவிட்டால் அதுவே அந்தக் கோப்பை உருவாக்கித் தந்துவிடும். அது இல்லாமல் திறந்தால் சரியான நிரலின் மீதும் சிவப்புக் கோடுகள் நிறைந்து நிற்கும். அதைப் பார்த்து எடிட்டர் சரியில்லை என்று முடிவுகட்டி விலகிப்போனவர்களை எனக்குத் தெரியும். குறை எடிட்டரில் இல்லை. திட்டம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

பைத்தானில் கேள்வி இன்னொரு வடிவம் எடுக்கிறது: எந்தப் பைத்தான்? கணினியோடு வந்ததா, திட்டத்துக்கென்று தனியாக அமைத்த மெய்நிகர் சூழலில் இருப்பதா? இதற்கு விடையாக எடிட்டரின் உள்ளமைவில் முழுப் பாதையை எழுதி வைப்பது, அடுத்த திட்டத்தைத் திறக்கும்போது நம்மையே ஏமாற்றும் வழி. டெர்மினலின் உண்மையான பலம் எனக்குப் புரிந்த இடம் இதுதான். ஷெல்லிலிருந்து தொடங்கப்படும் எந்த நிரலும் அந்த ஷெல்லின் சூழல் மாறிகளை, அதாவது அதில் பெயரிட்டு வைத்த அமைப்பு மதிப்புகளை, மரபுரிமையாகப் பெறுகிறது. ஷெல் சரியான அடைவில் நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் சரியான பாத் மாறியோடு நின்றால், அதிலிருந்து திறக்கும் எடிட்டரும், எடிட்டர் தொடங்கும் சர்வரும், சர்வர் அழைக்கும் தொகுப்பானும் ஒரே பதிப்புகளைத்தான் காணும். சின்னத்தைச் சொடுக்கித் திறக்கும் வரைகலை எடிட்டர்களுக்குப் பல வேளைகளில் இந்த மரபுரிமை கிட்டுவதில்லை. டெர்மினலில் ஓடுகிற நிரல் எடிட்டருக்குள் ஓட மறுக்கிறது என்ற முறையீட்டின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே என் அமைப்பின் நடுத்தூணாக நான் கருதுவது எடிட்டரை அல்ல, டைரென்வ் என்ற சிறிய கருவியை. அடைவுக்குள் நுழைந்ததும் அந்தத் திட்டத்தின் சூழல் மாறிகளை ஏற்றிவைக்கிறது. வெளியேறியதும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அந்த மாறிகளை எழுதிவைத்த கோப்பு புதியதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருந்தால், அதை நம் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அது இயக்காது என்பது எனக்கு மிகவும் பிடித்த பண்பு, ஏனென்றால் இணையத்திலிருந்து எடுத்த திட்டம் ஒன்று நம் ஷெல்லில் எதையும் ஓட்டிவிடக் கூடாது. பதிப்புகளை நிறுவுவதற்கு மீஸ் என்ற கருவியை வைத்திருக்கிறேன். உள்தள்ளலுக்கு எடிட்டர்கான்ஃபிக் கோப்பே போதும். கோவுக்குத் தாவல் குறியும் பைத்தானுக்கு நான்கு இடைவெளிகளும் என்று திட்டமே சொல்லிவிடுகிறது, நியோவிம் 0.9 பதிப்பிலிருந்து அதைத் தானாகவே படிக்கிறது.

டெர்மினலில் அமர்வுகளை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திட்டத்துக்கு ஓர் அமர்வு என்று வைத்துக்கொண்டால், தொலைவிலுள்ள கணினியோடு இணைப்பு அறுந்தாலும் வேலை அப்படியே காத்திருக்கும். இதற்காகவே அதைக் கற்கலாம். ஆனால் எஸ்கேப் விசையை அழுத்திய பின் எடிட்டர் ஒரு கணம் தயங்குவதாகத் தோன்றினால் எடிட்டரைச் சந்தேகிக்காதீர்கள். அந்த விசைக்குப் பின் வேறு எழுத்து ஏதும் வருகிறதா என்று டீமக்ஸ் காத்திருக்கும் நேரம் நெடுங்காலம் 500 மில்லிவினாடியாக இருந்தது. அதை 10ஆகக் குறைத்தால் தயக்கம் மறைந்துவிடும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். நிரலை நிறுத்தி நிறுத்தி ஆராய உதவும் பிழைதிருத்தியை டெர்மினலுக்குள் வசதியாக அமைப்பது இன்னும் உழைப்பைக் கேட்கிறது. நான் பல நேரங்களில் ஜிடிபியையோ கோவின் டெல்வையோ பக்கத்துப் பலகத்தில் தனியாக ஓட்டிக்கொள்கிறேன். நமக்கு இதைவிட முக்கியமான குறை தமிழ் எழுத்து. டெர்மினல் திரை ஒரே அகலமுள்ள கட்டங்களால் ஆனது. ‘கொ’ என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறியீடுகள், கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள். அதற்கு எத்தனை கட்டங்கள் என்பதில் எடிட்டரும் டெர்மினலும் ஒத்துப்போகாவிட்டால், சுட்டி ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரிந்து வேறிடத்தில் எழுத்தை அழிக்கும். நிரலுக்குள் தமிழ்ச் சரங்களை நேரடியாக எழுதாமல் தனி மொழிபெயர்ப்புக் கோப்புகளில் வைத்து, அவற்றை மட்டும் வரைகலை எடிட்டரில் திருத்துகிறேன். இது தீர்வு அல்ல. டெர்மினல் உருவாக்குவோர் இந்திய எழுத்துமுறைகளை முதல்தரத் தேவையாகக் கருதும் வரை நாம் பொறுத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு மட்டுமே. முடிந்தவர்கள் வழு அறிக்கைகளைத் திரைப்பிடிப்புகளோடு எழுதி அனுப்புங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறருடைய உள்ளமைவை முழுதாக நகலெடுக்கலாமா என்றால், படிக்காமல் நகலெடுக்க வேண்டாம் என்பேன். நியோவிமுக்கான கிக்ஸ்டார்ட் என்ற தொடக்க உள்ளமைவு, வரிக்கு வரி விளக்கத்தோடு ஒரே கோப்பாக இருப்பதற்குக் காரணமே அதை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான். என்னுடைய கோப்புகள் ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. குனு ஸ்டோவ் என்ற கருவி அவற்றை உரிய இடங்களில் குறியீட்டு இணைப்புகளாக வைக்கிறது. கடவுச்சாவிகள் எதுவும் அதற்குள் போவதில்லை.

சென்ற வாரம் ஸிக் மொழியில் எழுதப்பட்ட ஒரு திட்டத்தைத் திறக்க நேர்ந்தது. அந்த மொழியில் நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அதன் சர்வரின் பதிப்பு தொகுப்பானின் பதிப்போடு பொருந்த வேண்டும் என்பதால், இரண்டின் பதிப்பெண்களையும் திட்டத்தின் மீஸ் கோப்பில் எழுதினேன். என் எடிட்டரின் உள்ளமைவில் சேர்ந்தது, சர்வரின் பெயரும் கோப்பு வகையும் வேர் அடையாளமும் கொண்ட ஒரே ஒரு பதிவு. பிறகு ஒரு செயற்கூற்றின் பெயர்மீது சுட்டியை வைத்து, பைத்தானில் அழுத்தும் அதே விசைகளை அழுத்தினேன். அது அழைக்கப்படும் இடங்கள் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன.