நாலாவது புள்ளியையும் வைத்துப் பாருங்கள்

நீலகிரியில் உள்ள கேத்தியில் சாயங்கால வேளையில் பத்து, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன்.

சமன்பாட்டைக் கொடுத்துப் பரவளையம் (parabola, மேலே எறிந்த பந்து போகிற மாதிரியான வளைவு) வரையச் சொன்னால் பிள்ளைகள் அழகாக வரைகிறார்கள். திருப்பிக் கேட்டால், அதாவது வரைபடத்திலிருந்து மூன்று புள்ளிகளைக் கொடுத்துச் சமன்பாடு கேட்டால், உடனே தெரியாத மூன்று எண்களுக்கு மூன்று சமன்பாடு எழுதி ஒரு பக்கம் முழுக்கத் தீர்க்கிறார்கள். தப்பில்லை. ஆனால் புள்ளிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாமே?

கேரட் பாத்திக்கு ஹோஸில் தண்ணீர் பீய்ச்சுகிறோம். ஹோஸின் வாய் தரையில் இருக்கிறது. தண்ணீர் 6 மீட்டர் தள்ளி விழுகிறது. 1 மீட்டர் தூரத்தில் அதன் உயரம் 1 மீட்டர். தரையைத் தொடும் இரண்டு இடமும் தெரிந்துவிட்டதால் உயரம் = அ × தூரம் × (6 − தூரம்). மூன்றாவது புள்ளியைப் போட்டால் 1 = அ × 1 × 5; அ = 0.2. சரி, உச்சி எங்கே? நட்டநடுவில், 3 மீட்டரில், 1.8 மீட்டர் உயரத்தில். இரண்டே வரி. இப்படி எழுதிய ஒரு பையனுக்கு 'நடத்திய முறை இதுவல்ல' என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. ஒரே நேர்கோட்டில் இல்லாத, ஒன்றுக்கு நேர்மேலே இன்னொன்று வராத மூன்று புள்ளிகள் எதைக் கொடுத்தாலும் நிமிர்ந்த பரவளையம் ஒன்று கிடைத்தே தீரும். விடை வந்துவிட்டது என்பதால் அந்த வளைவு பரவளையம் ஆகிவிடாது. நாலாவது புள்ளியும் அந்தச் சமன்பாட்டில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

போன வாரம் ஒரு சங்கிலியை 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளில் மாட்டி, பின்னால் கிராப் தாள் ஒட்டினோம். சங்கிலியின் அடிப்புள்ளி ஆணிகளுக்கு 14 செ.மீ. கீழே இருந்தது. இரண்டு ஆணி, அடிப்புள்ளி மூன்றையும் வைத்துப் பிள்ளைகள் போட்ட கணக்கு: உயரம் = 0.14 × அடிப்புள்ளியிலிருந்து தூரத்தின் வர்க்கம். அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி உயரம் 3.5 வர வேண்டும். அளந்தால் 2.7தான்! யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பொண்ணு, 'அப்போ இது பரவளையமே இல்லையா சார்?' என்றாள். இல்லை. தொங்கும் சங்கிலி பரவளையம் அல்ல என்று ஜெர்மன் கணித அறிஞர் யுங்கியுஸ் காட்டியது 1669இல் அச்சாகியிருக்கிறது. தொய்வு குறைவாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நன்றாகத் தொங்கவிட்டோம்.

ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை நினைத்துப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கம்பியும் பரவளையத்தின் மேல் ஒரு புள்ளி. மூன்று கம்பி மட்டும் சரியாக இருந்து மற்றவை விலகியிருந்தால் வானத்திலிருந்து வரும் அலைகள் குவியக் கோட்டில், அதாவது எல்லா அலையும் ஒன்றுகூட வேண்டிய கோட்டில், வந்து சேராது.

அடுத்த வாரம் ஹோஸ் தண்ணீரைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். 4 மீட்டரில் 1.6 வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.