பத்தாவது ஆளை முன்னால் நிறுத்தியது தப்பா?

2025 மே 24, சனிக்கிழமை சாயங்காலம். மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் ரேஸ். குஷ் மைனி ஜெயித்தார். பெங்களூருப் பையன். மொனாக்கோவில் எஃப்2 ரேஸ் ஜெயித்த முதல் இந்தியர். பரிசு மேடையில் அவர் நடுவில் நிற்க, நம் தேசிய கீதம் ஒலித்தது. நான் வீட்டில் போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். ரேஸ் பார்க்கிறவர்கள் மட்டும் இருக்கிற குழு, முப்பது பேர் இருப்போம். முதலில் கண்ணில் பட்டதே இதுதான்: "ரிவர்ஸ் கிரிட் வெற்றிதானே, ஓசில கிடைச்சது." அதற்குக் கீழே ஆறு கட்டைவிரல்கள்.

ரேஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்கள் சொன்னதுதான் வலித்தது. அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனசில் கிடக்கிறது. இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்2 என்பது ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருக்கிற பந்தயம். 2025-இல் 11 அணிகள், 22 கார்கள். எல்லாருக்கும் ஒரே டல்லாரா சேஸி, ஒரே மெக்காக்ரோம் இன்ஜின், ஒரே பைரெல்லி டயர். வார இறுதியில் இரண்டு ரேஸ். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரேஸ், ஃபீச்சர் ரேஸ் என்பார்கள். அதில் ஜெயித்தால் 25 புள்ளி. ரேஸுக்கு முன்பே நேரம் பார்த்து வரிசை போடுகிற சுற்றுக்குக் குவாலிஃபையிங் என்று பெயர், அதில் யார் வேகமோ அவர் முன்னால் நிற்பார். சனிக்கிழமை சின்ன ரேஸ், ஸ்பிரிண்ட். ஜெயித்தால் 10 புள்ளி. இதில்தான் முதல் பத்து இடங்களைத் தலைகீழாக்குவார்கள், ரிவர்ஸ் கிரிட் என்பது இதுதான். குவாலிஃபையிங்கில் பத்தாவது வந்தவர் முதல் இடத்தில் நிற்பார், முதலில் வந்தவர் பத்தாவது இடத்துக்குப் போவார். அன்றைக்குப் பத்தாவது வந்தவர் மைனி.

குழுவில் எல்லாரும் சொன்ன வாதம் இதுதான்: மொனாக்கோவில் முந்தவே முடியாது, முன்னால் நின்றவன் ஜெயித்தே ஆக வேண்டும், இதில் என்ன பெருமை?

முந்துவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். 3.337 கிலோமீட்டர் தெரு, இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, சில இடங்களில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் போகவே இடம் கிடையாது. ஆனால் அந்தத் தடுப்புகள் முன்னால் போகிறவனுக்கும் இருக்கின்றனவே! ஒரு லேப்பில், அதாவது ஒரு சுற்றில், 19 வளைவு. ஸ்பிரிண்ட் 30 லேப். கணக்குப் போட்டுப் பாருங்கள், 570 வளைவு. மற்ற சர்க்யூட்டில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தால் கார் வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வரும், இரண்டு இடம் இழப்பீர்கள், அவ்வளவுதான். மொனாக்கோவில் ஸ்விம்மிங் பூல் வளைவில் ஒரு கையளவு தப்பினால் சக்கரம் முறிந்து நிற்கும். அதுவும் எஃப்2 காருக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது. லோவ்ஸ் ஹேர்பின் என்கிற கொண்டை ஊசி வளைவில் அந்த ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புவது தோள் பலத்தில்தான். பின்னால் கேப்ரியேல் மினி என்கிற இன்னொரு ஓட்டுநர் கண்ணாடியில் தெரிந்துகொண்டே வருகிறார். முன்னால் யாரும் இல்லை. பிரேக் எங்கே மிதிப்பது என்று பார்த்துக்கொள்ள முன்னால் ஒரு காரும் கிடையாது. முந்தும் வேலை இல்லாததால் தலைக்குள் இருக்கிற ஒரே வேலை தப்பு செய்யாமல் இருப்பது. ஒரு மனுஷனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை என்ன இருக்கிறது?

ஸ்டார்ட்டை யாரும் பேசவே இல்லை. கிளட்ச்சைக் கையால்தான் விட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் சக்கரம் சுழலும், கொஞ்சம் பிசகினால் இன்ஜினே நின்றுவிடும். அங்கிருந்து செயின்ட் டிவோட் என்கிற முதல் வளைவு வரை ரொம்பச் சின்ன தூரம். மைனி அந்த ஓட்டத்தை ஜெயித்தார், பிறகு கடைசிக் கொடி வரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

முன்னால் நின்றாலே வெற்றி என்கிறவர்கள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று பார்த்தார்களா? ஃபீச்சர் ரேஸில் ரிவர்ஸ் எதுவும் இல்லை. வேகமானவர்கள் நியாயமாக முன்னால் நின்றார்கள். போல் பொசிஷனில், அதாவது முதல் இடத்தில், அலெக்ஸ் டன், பக்கத்தில் விக்டர் மார்ட்டின்ஸ். அந்த வார இறுதியின் வேகமான இரண்டு பேர். விளக்கு அணைந்தது, இரண்டு பேரும் முதல் வளைவிலேயே மோதிக்கொண்டார்கள். பின்னால் வந்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அடைத்துக்கொண்டு நின்றன. சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள். கடைசியில் ஜெயித்தது ஜாக் கிராஃபோர்ட். அவர் மைனியின் அணித் தோழர், இரண்டு பேரும் டாம்ஸ் அணி.

அதாவது அதே தெரு, அதே முதல் இடம், அதே முதல் வளைவு. சனிக்கிழமை ஒருவர் அதை 30 முறை சரியாகக் கடந்தார். குவாலிஃபையிங்கில் அவரைவிட வேகமாக ஓட்டியவரால் ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு முறை கடக்க முடியவில்லை. டன்னை நான் குறை சொல்லவில்லை. ரொம்பத் திறமையான ஓட்டுநர், அவர் ஓட்டுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் இடத்தில் நிற்பதும் ஒரு வேலைதான், அதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ரிவர்ஸ் கிரிட் இருப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இது கற்றுக்கொள்கிற பையன்களுக்கான பந்தயம். குவாலிஃபையிங்கில் எப்போதும் எட்டு, ஒன்பது, பத்து என்று வருகிறவனுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது முன்னால் காலியாக இருக்கிற ரோடு தெரிய வேண்டாமா? அவன் அங்கே தாக்குப்பிடிக்கிறானா என்று எஃப்1 அணிகள் பார்க்க வேண்டாமா? இன்னொரு பக்கம், முதலில் வந்தவன் ஒன்பது பேரைத் தாண்டி வரத் தெரிந்தவனா என்றும் பார்க்க வேண்டும். 2006-இல் இந்தப் பந்தயத்துக்கு ஜிபி2 என்று பெயர். சில்வர்ஸ்டோனில் லூயிஸ் ஹாமில்டன் பெரிய ரேஸை ஜெயித்தார். அந்தக் காலத்து விதிப்படி, அதனாலேயே மறுநாள் ஸ்பிரிண்டில் எட்டாவது இடத்தில் நின்றார். பெக்கெட்ஸ் வளைவில், முந்தவே கூடாத இடத்தில், இரண்டு கார்களை ஒரே மூச்சில் தாண்டிப் போய் அந்த ரேஸையும் ஜெயித்தார். அடுத்த வருஷம் அவர் எஃப்1-இல் மெக்லாரன் காரில் இருந்தார். ரிவர்ஸ் கிரிட் இல்லாவிட்டால் அன்றைக்கு முன்னால் நின்று, முன்னாலேயே முடித்திருப்பார். அந்த முந்தலை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

நம்ம ஊர்க் கதைக்கும் வருகிறேன். 2007-இல் ஸ்பா சர்க்யூட்டில் கருண் சந்தோக் ஜெயித்தாரே, சென்னைக்காரர், ஜிபி2-வில் அவருடைய முதல் வெற்றி. அதுவும் ஸ்பிரிண்ட்தான். 2008-இல் ஹாக்கன்ஹைமில் ஜெயித்ததும் ஸ்பிரிண்ட். அதை ஓசி என்று இந்தக் குழுவில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். 2010-இல் அவர் எஃப்1 கிரிட்டில் நின்றதற்கு அந்த நாட்களும் சேர்ந்துதான் காரணம். 2020-இல் பஹ்ரைனில் ஜெஹான் தாருவாலா ஜெயித்தபோது எஃப்2 ரேஸ் ஜெயித்த முதல் இந்தியர் என்று எல்லாரும் கொண்டாடினோம். அதுவும் ஸ்பிரிண்ட். அப்போது கேட்காத கேள்வியை மைனியிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

மைனிக்கு இதற்கு முன்னால் நடந்ததையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2024 சீசனின் முதல் வார இறுதி, பஹ்ரைன். மைனி குவாலிஃபையிங்கில் முதலிடம். சில மணி நேரத்தில் காரில் தொழில்நுட்ப விதிமீறல் என்று அதைப் பறித்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் புடாபெஸ்ட் ஸ்பிரிண்டில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ரிச்சர்ட் வெர்ஷூரைப் பிறகு தகுதிநீக்கம் செய்ததால் வெற்றி இவருக்கு வந்தது. ஆனால் அப்போது மேடை முடிந்து, கொடி இறங்கி, எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். முதல் வெற்றி கையில் இருக்கிறது, முதல் படியில் ஏறி நிற்கவில்லை. மொனாக்கோவில்தான் ஏறி நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு இரண்டு வருஷமும் சேர்ந்து ஞாபகம் வந்தது.

2025 சீசன் மொத்தமாக அவருக்கு நல்லபடியாகப் போகவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்பிரிண்ட் வெற்றி ஃபீச்சர் வெற்றிக்குச் சமம் என்றும் நான் சொல்லவில்லை. புள்ளியிலேயே அந்த வித்தியாசத்தை வைத்திருக்கிறார்கள், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். மொனாக்கோவில் ரோடு சின்னது என்பதால் குவாலிஃபையிங்கை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்துவார்கள். அந்த நெரிசலில் பத்துக்குள் வருவதற்கே பலர் தவித்தார்கள். பன்னிரண்டு பேர் பத்துக்கு வெளியே நின்றார்கள். அந்த முதல் இடம் அவருக்குக் குலுக்கலில் விழுந்ததில்லை.

அன்றைக்கு நாட்டில் வேறு செய்தியும் இருந்தது. அதே மே 24-இல்தான் சுப்மன் கில்லை டெஸ்ட் கேப்டனாக அறிவித்தார்கள். ஐபிஎல் வேறு கடைசிக் கட்டத்தில் இருந்தது. நான் பார்த்த சேனல்களில் மொனாக்கோ கீழே ஓடுகிற வரியில் ஒரு முறை வந்து போனது. கிரிக்கெட் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் பார்க்கிறவன்தான். வெளியே யாரும் பேசாத அன்றைக்கு, உள்ளே இருக்கிற முப்பது பேராவது மனசாரப் பாராட்டியிருக்கலாம்.

சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் டிராக் இருக்கிற இருங்காட்டுக்கோட்டைக்கு என்னை முதலில் கூட்டிப்போனது என் மாமா. ஃபார்முலா எல்ஜிபி என்கிற நம் நாட்டுப் பந்தயத்தில் ஓட்டுகிற ஒரு சின்ன அணியில் மெக்கானிக்காக இருந்தார். 1300 சிசி சுசுகி இன்ஜின் கார்கள்தான், ஆனால் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிரும். ஒரு ரேஸ் முடிந்து ஒரு பையன் பிட்டுக்கு வந்தான். பதினெட்டு வயசு இருக்கும். ஜெயிக்கவில்லை, ஐந்தாவதோ ஆறாவதோ. ஆனால் பாதி ரேஸ் முன்னால் ஓடியிருந்தான். காரை விட்டு இறங்கியவனுக்குக் கையுறையைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றுவிட்டன. மாமாதான் ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு இழுத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "முன்னாடி போறப்பதான்டா இறுக்கிப் பிடிப்பாங்க, பின்னாடி வர்றவன் பிடி லூசா இருக்கும்" என்றார் என்னிடம்.

மொனாக்கோ ரேஸ் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். குழுவில் வந்ததையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. போனில் சுருக்க வீடியோவை மட்டும் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தார். வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் தரையை அழுத்தியது.

முடிந்ததும் போனைத் திருப்பித் தரவில்லை.

"முழு ரேஸ் இருக்கா மாப்ள? முப்பது லேப்பும்?"

"இருக்கு மாமா."

"அதைப் போடு."