மிதக்கும் ஊருக்கும் பவளப் பார் வேண்டும்

மாலத்தீவில் கட்டப்போகும் மிதக்கும் நகரத்தின் படம் இந்த வாரம் மறுபடியும் சுற்றுகிறது. மூளைப் பவளம் மாதிரி வளைந்து நெளிந்து போகும் கால்வாய்கள், ஓரமெல்லாம் வண்ண வண்ண வீடுகள். "கடல் ஏறினால் ஊரும் சேர்ந்து ஏறும், இனி என்ன கவலை?" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த நாட்டில், தலைநகர் மாலேயிலிருந்து தொலைவில் ஒரு சின்னத் தீவில், இரண்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். அந்த வரியைச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை.

திட்டத்தை நான் கேலி செய்யவில்லை. மாலேக்குப் பக்கத்திலேயே சுமார் 200 ஹெக்டேர் காயலில் 5,000 வீடுகள், 20,000 பேர் குடியிருக்கலாம் என்கிறார்கள். கட்டுகிற நெதர்லாந்துக்காரர்களுக்குத் தொழில் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் ஸ்கூன்ஸ்கிப் என்ற குடியிருப்பில் 46 குடும்பங்கள் தண்ணீர் மேல்தான் வாழ்கின்றன. மாஸ்பொம்மல் என்ற ஊரில் ஆற்றோர வீடுகள், வெள்ளம் வந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பும், வடிந்தால் இறங்கி உட்காரும். ஆக, வீடு மிதக்குமா என்ற கேள்வியே எனக்கு இல்லை.

ஆனால் ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் அலை கிடையாது. இந்தியப் பெருங்கடலின் நடுவே ஒரு காயல் குளம் மாதிரி அமைதியாக இருப்பது எப்படி?

நான் தூத்துக்குடிக்காரி. கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைத் திட்டை எங்கள் பக்கம் பார் என்போம். அந்தத் தீவுக்குப் போன முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. ராத்திரி முழுக்க, தூரத்தில் லாரிகள் வரிசையாகப் போகிற மாதிரி ஒரு சத்தம். பாரில் அலை உடைகிற சத்தம் அது என்று பள்ளியில்தான் சொன்னார்கள். காலையில் போய்ப் பார்த்தால் வெளியே ஒரு வெள்ளைக் கோடு, இங்கே கரையில் முழங்கால் அளவுத் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடக்கும். அந்தக் கோடுதான் தீவைக் காப்பாற்றுகிறது. மிதக்கும் நகரத்தையும் அதுதான் காப்பாற்ற வேண்டும். அந்த நகரத்தைக் காயலுக்குள் வைத்திருப்பதே அதற்காகத்தானே.

பவளம் உயிர். கடல் மெல்ல ஏறும்போது அதுவும் கூடவே மேலே வளரும். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் வெளுத்துச் செத்துவிடும். 1998இல் மாலத்தீவில் அப்படிப் பெரிய அழிவு நடந்தது. 2016இல் மறுபடியும். செத்த பார் கரைந்து தாழும், அலை உள்ளே வரும். நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் மிதவை அதோடு சேர்ந்து உயரும், சரி. ஆனால் காயலுக்குள் பெரிய அலை புகுந்தால் அந்த மிதவையும் நங்கூரமும் வீடுகளை இணைக்கும் பாலங்களும் என்ன பாடுபடும்?

இது எங்கள் ஊர்க் கதையும்தான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி எடுத்தோம். விலங்குசல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு தேய்ந்து ஒரு துண்டு மணலானது. இப்போது அதைக் காப்பாற்ற கான்கிரீட்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்குகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். படத்தைப் பகிர்கிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. தாழ்வான தீவை விட்டுக் கடல் மனிதரைத் துரத்துவது பெரும்பாலும் மூழ்கடித்து அல்ல, கிணற்றைக் கெடுத்துத்தான். மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நல்ல தண்ணீர் நிற்கும், கடல் ஒருமுறை மேலேறி வந்தால் போதும். 2004 சுனாமியில் அங்கே பல தீவுகளில் கிணறுகள் அப்படித்தான் கெட்டன. நான் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றில் குளித்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி திரிந்துவிடும். குடிக்க, சமைக்க எல்லாம் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர்தான். தலைநகர் மாலே கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து நகரமே தண்ணீருக்குத் தவித்தது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. மிதக்கும் வீட்டுக்கும் இதே மாதிரி எந்திரம்தான் குடிநீர் தர வேண்டும்.

விலை? ஒற்றை அறை வீடு 1,50,000 டாலரில் தொடங்கும் என்றார்கள், குடும்ப வீடு 2,50,000. நான் பாடம் சொன்ன பிள்ளைகளின் அப்பாக்கள் சூரை மீன் பிடிக்கப் போகிறவர்கள், ரிசார்ட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள். ஐந்து லட்சம் பேர் வாழும் நாட்டில் 20,000 பேருக்கு இடம். அந்த 20,000 பேரில் இவர்கள் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மாலே பக்கத்தில் மணலை அள்ளிக் கொட்டி, ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில் உருவாக்கிய ஹுல்ஹுமாலே தீவு எனக்கு இதைவிட நேர்மையான பதிலாகத் தெரிகிறது. மணல் அள்ளுவதில் பார் அடிபடுகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அங்கே சாதாரண ஜனங்கள் குடியேறியிருக்கிறார்கள்.

2100க்குள் கடல் மட்டம் சுமார் அரை மீட்டர் உயருமா, ஒரு மீட்டருக்கு மேல் உயருமா என்பது உலகம் விடுகிற புகையைப் பொறுத்தது. சூட்டைக் குறைத்தால்தான் பவளம் பிழைக்கும். பார் பிழைத்தால்தான் மிதக்கும் நகரம்கூட நிற்கும். "ஊரே மிதக்கும், கவலை இல்லை" என்று சொல்லும்போது இந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

போன பெருநாளுக்கு வீட்டுக்கார தத்தாவிடம் போனில் பேசினேன். அங்கே அக்காவைத் தத்தா என்பார்கள். மிதக்கும் நகரம் பற்றிக் கேட்டேன். அது மாலே பக்கம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மழைத்தண்ணீருக்கு இரண்டாவதாக ஒரு தொட்டி வாங்கியிருக்கிறார்களாம். கிணற்றுத் தண்ணீரை இப்போது முருங்கைக்குக்கூட ஊற்றுவதில்லையாம்.