'என் மெஷினில் ஓடுதே' என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

ஒரு பில்லிங் சாப்ட்வேர் கோளாறுக்கான டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, இன்று காலை ஆபீஸில் மூன்றாவது முறையாக மூடிவிட்டார்கள். காரணம்: "என்விரான்மென்ட் இஷ்யூ." அதாவது கோளாறு அந்த மெஷினில்தானாம், எங்கள் சாப்ட்வேரில் இல்லையாம். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை. நாங்கள் போட்டுக்கொடுத்த பில்லிங் சாப்ட்வேர் அங்கே பாதி மாதம் ஓடும், பாதி மாதம் முரண்டு பிடிக்கும். காரைக்குடியில் என் மெஷினில் ஒரு நாளும் வராது. சென்னையில் இருக்கும் எங்கள் டீம் லீட், "மாசக் கடைசியில் வேலை அதிகம், முதல் வாரம் போய்ப் பார்" என்பார். பிப்ரவரி 4 போனேன், ஓடியது. மார்ச் 6 போனேன், ஓடியது. "தம்பி, நாங்க பொய் சொல்றோம்னு நினைக்காதீங்க" என்றார் முதலாளி அண்ணன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்டுபிடித்தது நானில்லை, பில் போடும் அக்கா. "பதிமூணாந்தேதி பிறந்தாத்தான் தம்பி மக்கர் பண்ணுது" என்று நோட்டை நீட்டினார். தேதி தேதியாக எழுதி வைத்திருந்தார்.

அந்த மெஷினை பார்மட் செய்தவர் விண்டோஸில் ரீஜனை, அதாவது எந்த நாடு என்ற செட்டிங்கை, அமெரிக்கா என்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே தேதியில் மாதம்தான் முன்னால். எங்கள் புரோகிராம் கோடோ தேதியை வெறும் எழுத்தாக வாங்கி, மெஷின் செட்டிங் சொல்கிறபடி மாற்றுகிறது. 13/3 என்றால் பதின்மூன்றாவது மாதத்துக்கு எங்கே போகும்? விழுந்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. 5/3 விழாது. திரையில் 5/3 என்றே காட்டும், உள்ளே மே 3 என்று ஏறியிருக்கும். மார்ச் கணக்கில் அந்த பில்லே இருக்காது. "ஓடியது" என்று நான் திரும்பி வந்த இரண்டு நாளும் அதுதான் நடந்திருக்கிறது.

வருடம், மாதம், நாள் என்று எழுதுங்கள் என ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வந்தது 1988இல். இதைச் சொன்னால் லீட் என்ன சொல்கிறார்? "அங்க செட்டிங்கை மாத்திட்டு வந்துடு. கோடைத் தொடாதே." அடுத்த பார்மட்டுக்கு அப்புறம்? அந்த அக்கா மறுபடியும் நோட்டு போட வேண்டுமா?

சரி, நானே கோடைத் திருத்தி அனுப்பலாமென்று காரைக்குடியில் எங்கள் பழைய பங்கு வீட்டில் உட்கார்ந்தால் நெட் இல்லை. முகப்பில் இருக்கும் வைஃபை வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியை, தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதே இல்லை, அவ்வளவு தடித்த சுவர். நடுவில் ஒரு ரிப்பீட்டர் மாட்ட ஆணி அடிக்கக் கூடாதாம். சொல்கிற பங்காளிகள் பதினோரு பேர். ஒருவர்கூட இந்த வீட்டில் இல்லை!