சயாம் ரயில் வேலை விருப்ப வேலை இல்லைங்க
மேலே உள்ள பதிவில் ராசிபுரத்து அண்ணன் ஒருவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில்பாதைக்கு நம் ஆட்கள் ஒரு டாலர் தினக்கூலிக்கு ஆசைப்பட்டுத்தான் போனார்கள், கட்டாயம் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று எழுதியிருக்கிறார். அது பாதி உண்மைதாங்கண்ணா. கூலி உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் மலாயாத் தோட்டங்களில் ஆள் எடுத்தார்கள், சரி. ஆனால் தவணை முடிந்தும் யாரையும் விடவில்லை, போனவர்கள் திரும்பாத சேதி பரவி ஆள் கிடைக்காமல் போனதும், தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று ஜப்பான் ராணுவம் கணக்குப் போட்டுக் கேட்டது, தெருவில் போனவர்களையும் வளைத்துப் பிடித்து ரயிலேற்றியது. இது கட்டாய வேலைதான்.

415 கிலோமீட்டர் பாதை அது. அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர் எனச் செத்த ஆசியக் கூலிகள் சுமார் 90,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு, அதிலும் 1943இல் காலரா வந்தபோது கைதிகள் முகாமில் அவர்களுக்குள்ளேயே டாக்டர்களாவது இருந்தார்கள், கூலி முகாம்களில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன, நம் ஆட்களுக்கு முழுப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

அப்புறம், நீங்கள் எழுதியதுபோல் இவர்களை யாரும் சேலத்திலிருந்து போர்க்காலத்தில் கப்பலேற்றவில்லை. பெரும்பாலும் முன்பே கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) மூலம் போனவர்களும் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும்தான். அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கண்ணா.