கோழிக்குப் போன நார்ச்சத்து

(ரங்கூன், அனவ்ரதா சாலையோரத் தேநீர்க் கடை. காலை நேரம்.)

அண்ணன்: என்னடா தம்பி, கையில் டப்பா? பால் பவுடரா?

தம்பி: நார்ச்சத்துப் பவுடர் அண்ணே. வயிறு ஒரு வாரமாக வேலைநிறுத்தம். பெரியவர்களுக்குத் தினமும் 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம், என் முகத்தைப் பார்த்தால் 5 கிராம்கூடத் தேறாதாம், அப்படிச் சொல்லித்தான் கடைக்காரர் இதைத் தலையில் கட்டிவிட்டார்.

அண்ணன்: முகத்தைப் பார்த்தே கிராம் கணக்கா! அது கிடக்கட்டும், மொயிங்கா மீன்சாற்று நூடுல்ஸிலிருந்து எதையோ பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறாயே?

தம்பி: வாழைத்தண்டு. நூல் நூலாகப் பல்லிடுக்கில் மாட்டுகிறது.

அண்ணன்: அந்த நூலுக்குத்தானடா டப்பாவில் காசைக் கொட்டியிருக்கிறாய்! நேற்று என்ன சாப்பிட்டாய்?

தம்பி: காலையில் முட்டைப் பலாத்தா, நம் பரோட்டா மாதிரி. மத்தியானம் சோறு, எண்ணெய் மிதக்கிற கோழிக்கறி. ராத்திரி வறுத்த மீன், மறுபடியும் சோறு.

அண்ணன்: முட்டை, மீன், கோழி எதிலும் நார்ச்சத்து கிடையாது. வெள்ளைச் சோறு ஒரு தட்டு தின்றால் ஒரு கிராம், ஒன்றரை கிராம் தேறும், அவ்வளவுதான்.

தம்பி: கொய்யாப்பழம் சாப்பிட்டேனே!

அண்ணன்: கடித்தா?

தம்பி: ஜூஸ் போட்டு, நன்றாக வடிகட்டி.

அண்ணன்: வடிகட்டியில் தங்கியது?

தம்பி: கோழிக்குப் போட்டோம்.

அண்ணன்: உன் வீட்டுக் கோழிக்கு இந்த ஜென்மத்தில் மலச்சிக்கல் வராது.

தம்பி: கிண்டல் வேண்டாம் அண்ணே. நான் என்னதான் தின்பது?

அண்ணன்: அதோ, தலையில் தட்டோடு கூவிக்கொண்டு போகிறாரே பெப்யோ விற்கிற அம்மா, அவரிடம் பெப்யோ, அதாவது முளைகட்டி வேகவைத்த பட்டாணி, ஒரு கோப்பை வாங்கினாலே எட்டு கிராமுக்குக் குறையாது. அப்புறம் சின்பாங் இருக்கிறது, நம் புளிச்சக்கீரைதான். லப்பெ, அதாவது புளிக்கவைத்த தேயிலைக் கலவை, வாங்கினால் தேயிலையை மட்டும் கிள்ளித் தின்னாமல் வறுத்த பயறு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னு. ஆனால் மெதுவாக! திடீரென்று ஏற்றினால் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்து வாயுவாக்கிவிடும். தண்ணீரும் நிறையக் குடி, இல்லாவிட்டால் அந்த நாரே அடைத்துக்கொள்ளும்.

(மறுநாள்.)

தம்பி: அண்ணே, பெப்யோ மூன்று தட்டு, சட்டி நிறையக் கீரை, தோலோடு ஆறு கொய்யா!

அண்ணன்: மெதுவாக என்றேனேடா!

தம்பி: மெதுவாகத்தான் அண்ணே, ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்றேன். ஏன் எழுந்து அந்த மேசைக்குப் போகிறீர்கள்?

அண்ணன்: இங்கே காற்று கொஞ்சம் அதிகமாக வருகிறது.